‘உன் கதையைச் சொல்’ என்று கேட்காதீர்கள்

காப்பகத்தில் ‘உன் கதையைச் சொல்’ என்றதும் ஒரு சிறுமி அழுதபடி எழுந்து போய்விட்டாள், இனி கதை சொல்லப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாகப் போங்க. கேள்வியை மட்டும் மாற்றுங்கள்.

எச்.ஐ.வி.யால் பெற்றோரை இழந்த ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்காக என்காசெலோ என்கூபேயும் டேவிட் டென்பரோவும் உருவாக்கிய ‘வாழ்வு மரம்’ முறையைப் பாருங்கள். பிள்ளைகள் ஒரு மரம் வரைவார்கள். வேரில் சொந்த ஊர், அடிமரத்தில் கைவந்த திறமைகள், கிளைகளில் ஆசைகள். இலைகளில் பிரியமானவர்களின் பெயர்கள். இறந்துபோன அம்மாவுக்கும் அங்கே ஓர் இலை உண்டு. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த இலைதான். எல்லா மரங்களையும் சுவரில் ஒட்டிக் காடாக்கிய பிறகுதான் புயலைப் பற்றிய, அதாவது வாழ்வில் வரும் துன்பங்களைப் பற்றிய பேச்சே வரும்.

அந்தச் சிறுமி வெறுமனே வரைந்தால்கூடப் போதும், பேசக் கட்டாயப்படுத்த வேண்டாம். மனநல ஆலோசகர் ஒருவரையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.