எந்த எண்ணத்தை விசாரிப்பது?

கேள்வி: எனக்கு 44 வயது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இரண்டு வருஷத்துக்கு முன், தை மாசத்தில் ஒரு ராத்திரி அம்மா முதுகும் தாடையும் வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன். "வாயுதான், காலையில பார்த்துக்கலாம்" என்றார். ஓமத்தண்ணீர் கொடுத்து, தைலம் தேய்த்துப் படுக்க வைத்தேன். விடியும் முன் எழுந்து பார்த்தபோது அவர் உயிர் போயிருந்தது. மாரடைப்பு என்று பிறகு டாக்டர் சொன்னார். நான்தான் அம்மாவைக் கொன்றுவிட்டேன் என்று தினமும் தோன்றுகிறது. பதினாறாம் நாள் காரியத்தன்று அண்ணன் நீட்டிய காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அப்பா பெயரில் இருந்த ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டத்தின் பட்டா இப்போது அண்ணன் பெயரில் மட்டும் இருக்கிறது. தியான வகுப்பில் சொன்னபோது, "எந்த எண்ணமும் உண்மையில்லை. அண்ணன் ஏமாற்றினார் என்பதைத் திருப்பிப் போட்டு, நான் அண்ணனை ஏமாற்றினேன் என்று சொல்லிப் பாருங்கள்" என்றார்கள். சொல்லிப் பார்க்கிறேன், பாரம்தான் கூடுகிறது. தூக்கம் இல்லை. நானும் போய்ச் சேர்ந்தால் என்ன என்று சில நாள் தோன்றுகிறது. வகுப்புக்குத் தொடர்ந்து போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நீலகிரி

பதில்:

அன்புள்ள சகோதரி,

நானும் போய்ச் சேர்ந்தால் என்ன என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். அந்த எண்ணத்தைத் தனியாக உட்கார்ந்து விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம். இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்கு ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம். டெலி மானஸ் என்று 2022இல் தொடங்கிய அரசுச் சேவை அது. கட்டணம் கிடையாது, தமிழில் பேசுவார்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மனநல மருத்துவர் ஒருவரையும் பாருங்கள். மாத்திரை சாப்பிட்டால் தியானம் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தூங்காத மனதால் எதையும் நிதானமாக விசாரிக்க முடியாது.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடிதத்தில் இரண்டு எண்ணங்கள் இருக்கின்றன. ஒன்று, நான்தான் அம்மாவைக் கொன்றேன் என்பது. இன்னொன்று, அண்ணன் என்னை ஏமாற்றிவிட்டார் என்பது. முதல் எண்ணத்தை நீங்கள் ஒரு கேள்வி கூடக் கேட்காமல் அப்படியே நம்பிவிட்டீர்கள். இரண்டாவதை மட்டும் கூண்டில் ஏற்றி, பொய் என்று ஒப்புக்கொள்ள வைக்கப் பாடுபடுகிறீர்கள். உங்களைக் குற்றவாளியாக்கும் எண்ணத்துக்குச் சாட்சியே வேண்டாம், உங்களுக்கு நியாயம் கேட்கும் எண்ணத்துக்கு மட்டும் ஆயிரம் விசாரணையா? எனக்குக் கடிதம் எழுதும் பெண்கள் பலரிடம் இதைப் பார்க்கிறேன். மனதைப் பக்குவப்படுத்தப் போய், பழைய பழக்கப்படி பழியைத் தன் தலையில் தானே தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். ஆன்மிக வார்த்தைகள் சேர்ந்துவிடுவதால் அது புண்ணியம் போலவே தோன்றிவிடுகிறது.

முதலில் அந்த ராத்திரியை எடுத்துக்கொள்வோம். ஒரு நோட்டில், அன்று மாலையிலிருந்து மறுநாள் விடியற்காலை வரை உங்கள் கண் பார்த்ததையும் காது கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். அம்மா எத்தனை மணிக்கு வலி என்றார், எந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார், நீங்கள் கேட்டபோது என்ன பதில் சொன்னார், தைலம் தேய்த்த பிறகு முகம் எப்படி இருந்தது, வெளியே பனி எப்படிக் கொட்டியது, வண்டி இருந்ததா. "கவனிக்காமல் விட்டேன்" என்று எழுதாதீர்கள். அது பார்த்ததோ கேட்டதோ இல்லை, நீங்கள் பிறகு எழுதிய தீர்ப்பு. அடுத்த பக்கத்தில், வேறு மையில், அம்மா போன பிறகு உங்களுக்குத் தெரியவந்ததை எழுதுங்கள். தாடை வலியும் முதுகு வலியும் மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம் என்பது இந்தப் பக்கத்தில்தான் வரும். பெண்களுக்கு மாரடைப்பு பல சமயம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற மாதிரி வருவதில்லை. முதுகுவலி, தாடைவலி, குமட்டல், மூச்சு வாங்குவது, காரணமில்லாத அசதி என்று வந்து, வாயுத் தொல்லை என்றே நினைக்க வைத்துவிடும். அம்மாவே அப்படித்தான் நினைத்தார். இரண்டாம் பக்கத்தில் இருப்பதை வைத்து, முதல் பக்கத்தில் இருந்த பெண்ணுக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்படிப் பிரித்துப் பார்ப்பது நான் கண்டுபிடித்த முறை இல்லை. அமெரிக்காவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர், 1960களில், மனச்சோர்வில் இருந்தவர்களுக்குள் தன்னைப் பற்றிய கடுமையான எண்ணங்கள் சட்டென்று தானாகவே வந்துபோவதையும், அவர்கள் அவற்றைச் சோதிக்காமலே நம்புவதையும் கவனித்தார். அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன என்று மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து பார்க்கும் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது. சோதிப்பது என்றால் எண்ணம் பொய் என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது ஆகாது. சில எண்ணங்கள் சோதித்த பிறகு உண்மை என்றே தெரியும்.

"அன்றே கூட்டிப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா?" என்று உள்ளுக்குள் ஒரு கேள்வி விடாமல் ஓடும். பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம். யாராலும் சொல்ல முடியாது. தெரியாது என்பதோடு வாழ்வது கஷ்டம்தான். அதனால்தான் மனம் 'நான்தான் காரணம்' என்ற பதிலைப் பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு சுட்டாலும் அது ஒரு பதிலாவது ஆகிறதே! நோட்டை எழுதி முடித்த பிறகும், அம்மா பக்கத்து அறையில் இருந்தும் காப்பாற்ற முடியாமல் போனதே என்ற துக்கம் இருக்கும். அதை விசாரிக்க வேண்டாம். அழத்தான் வேண்டும். பதினாறாம் நாளே சொத்துக் காகிதம் வந்துவிட்டதால், நீங்கள் சரியாக அழக்கூட இல்லையோ என்று எனக்குச் சந்தேகம்.

இனி அண்ணன் விஷயம். திருப்பிப் போட்டுப் பார்ப்பது சில இடங்களில் நல்ல பயிற்சிதான். 'மாமியார் என்னை மதிப்பதில்லை' என்று பொருமுகிறவர் 'நான் அவரை மதிக்கிறேனா' என்று கேட்டுக்கொண்டால் கண் திறக்கலாம். ஏற்கெனவே குற்ற உணர்வில் நொந்து கிடப்பவரிடம், அதுவும் சொத்துத் தகராறில், இதைச் செய்யச் சொல்வது தவறு. அண்ணன் ஏமாற்றினாரா இல்லையா என்பதைக் கண்ணை மூடிக் கண்டுபிடிக்க முடியாது, பதிவேட்டைத் திறந்துதான் பார்க்க வேண்டும். உங்கள் குடும்பம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வருவதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்து, அது அவர் சுயமாகச் சம்பாதித்த நிலமாக இருந்தால், 1956ஆம் வருஷச் சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் சம பங்கு. பரம்பரைச் சொத்து என்றாலும் மகளுக்கு உரிமை உண்டு. பட்டாவில் பெயர் மாறியதால் மட்டும் உங்கள் பங்கு போய்விடாது. பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதானால் விடுதலைப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும். அங்கே போய்க் கைரேகை வைத்த ஞாபகம் இருக்கிறதா? எதற்கும், அந்த நிலத்தின் மேல் என்னென்ன பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன என்று காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. ஊட்டியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100க்கும் கூப்பிடலாம். ஒருவேளை அண்ணன் மேல் தப்பில்லை, நீங்கள்தான் ஏதோ தவறாகப் புரிந்துகொண்டீர்கள் என்று தெரியவந்தாலும் நல்லதுதான். எண்ணத்தை நேர்மையாக விசாரிப்பது என்றால் இரண்டுக்கும் தயாராக இருப்பது.

சொத்தைக் கேட்டால் ஆன்மிகத்தில் பின்தங்கிவிடுவோமோ என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. ரமண மகரிஷியை நினைத்துப் பாருங்கள். 1902இல், வருவாய்த்துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை திருவண்ணாமலையில் அவரிடம் போய்க் கேள்வி கேட்டபோது, மௌனத்தில் இருந்த அவர் பதில்களை எழுதிக் காட்டினார். எண்ணம் எழுந்தால், இது யாருக்கு எழுந்தது என்று கேள். எனக்கு என்று பதில் வரும். அந்த நான் யார் என்று பார். அவர் காட்டிய வழி இதுதான். அண்ணன் செய்தது நடக்கவே இல்லை என்று நினைத்துக்கொள்ளச் சொல்லும் வழி அல்ல இது. 1922இல் தாயார் அழகம்மாள் உயிர் பிரிந்த நாளில் அவர் தலையிலும் நெஞ்சிலும் கை வைத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் ரமணர். ஆசிரம நிர்வாகம் குறித்து வழக்கு வந்தபோது விசாரணைக்கும் பதில் சொன்னார். 1938இல் ஆசிரமத்துக்காக முறைப்படி உயிலும் எழுதப்பட்டது. நீங்கள் பத்திரம் பார்ப்பதால் எந்தப் பக்குவமும் குறைந்துவிடாது.

அண்ணனிடம் பேசுவதாக இருந்தால், வில்லங்கச் சான்று கையில் கிடைத்த பிறகு பேசுங்கள். தனியாகப் போக வேண்டாம். அவரும் மதிக்கிற பெரியவர் ஒருவரை, தாய்மாமன் முறையில் யாராவது இருந்தால் அவரை, கூட வைத்துக்கொள்ளுங்கள். அம்மா இறந்த ராத்திரியைப் பற்றிய பேச்சை அந்த இடத்தில் எடுக்கவே விடாதீர்கள். "நீ சரியாகப் பார்க்காததால்தான் அம்மா போனாள்" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், நீங்கள் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டு வந்துவிடுவீர்கள்.

வகுப்பைப் பற்றி. அடுத்த முறை போகும்போது அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: "என் எண்ணத்தை விசாரித்து, அது உண்மைதான் என்று தெரிந்தால் என்ன செய்ய வேண்டும்?" நிதானமாகப் பதில் சொல்கிறவர்களாக இருந்தால் தொடர்ந்து போங்கள். உன் அகங்காரம்தான் இப்படிக் கேட்கிறது என்று வாயை அடைத்தால், அந்த வகுப்பு உங்களுக்கு வேண்டாம். மருத்துவரைப் பார்த்த பிறகு, சான்று வந்த பிறகு, எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.