கேளுங்கள், சொல்கிறோம்: ஒரு பக்கம் மட்டும் வெட்டும் புல்வெட்டி

கேள்வி: கோயில் மைதானத்துக்கென்று பெட்ரோலில் ஓடும் பழைய 24 அங்குல சிலிண்டர் (சுழலும் கத்தி உருளை) புல்வெட்டி ஒன்றை வாங்கினோம். இடப்பக்கம் வெட்டுகிறது, வலப்பக்கம் புல்லைக் கடித்து இழுக்கிறது. கத்தி இடைவெளியைச் சரிப்படுத்தும் திருகை இறுக்கினாலும் இரண்டே நாளில் பழைய கதைதான். சாணை பிடித்தால் போதுமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: சாணை அப்புறம். முதலில் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, தடித்த கையுறையோடு சிலிண்டரின் வலமுனையை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. அதை மாற்றாமல் எந்தச் சரிப்படுத்தலும் நிற்காது. பேரிங்கோடு அதை மூடிக் காக்கும் வளையத்தையும் (சீல்) புதிதாகப் போடுங்கள். கடற்காற்றும் ஈரப்புல்லும் பழைய வளையத்தைத் தாண்டி உள்ளே போய்விடும்.

பிறகு சிலிண்டரின் விட்டத்தை இரு முனையிலும் காலிப்பரால் அளந்து பாருங்கள். ஒரு முனை சிறுத்திருந்தால் பட்டறையில் இயந்திரச் சாணைதான் வழி. சமமாக இருந்தால் வால்வு தேய்க்கும் பசையே (தேய்க்கும் துகள் கலந்த பசை) போதும். சங்கிலியைக் கழற்றி, அச்சு முனையில் கைப்பிடி மாட்டி, நீளக்காம்பு பிரஷால் பசையைத் தடவி, சிலிண்டரைப் பின்னோக்கிச் சுழற்றுங்கள். பசையைத் துளிகூட விடாமல் கழுவுங்கள்.

அடிக்கத்தி (சிலிண்டருக்குக் கீழே அசையாமல் இருக்கும் கத்தி) மெலிந்திருந்தால் மாற்றவேண்டும். துருப்பிடித்த அதன் திருகுகளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். அவசரப்பட்டால் திருகின் தலை வழுக்கிவிடும். புதுத் திருகுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி இறுக்குங்கள்.

கடைசியில் செய்தித்தாள் துண்டு: சிலிண்டருக்கும் அடிக்கத்திக்கும் நடுவே வைத்துச் சிலிண்டரைச் சுழற்றினால், முழு நீளத்திலும் கத்தரிபோல் நறுக்கவேண்டும். அதற்குமேல் இறுக்கினால் இரும்பும் இரும்பும் உரசிச் சூடேறி, வெட்டும் விளிம்பு மழுங்கும்.

முழங்கால் உயரத்துக்கு அடர்ந்து படர்ந்த கிக்குயூ புல்லில் மட்டும் இந்தப் புல்வெட்டியை இறக்காதீர்கள். அதற்குக் கத்தி கிடையாகச் சுழலும் ரோட்டரி புல்வெட்டி இருக்கிறது.