சயனைடு மேட்டடி நிலத்துக்குப் பத்து மூட்டைச் சுண்ணாம்பு போதுமா?

கேள்வி: கோலார் தங்கவயலில் சயனைடு மேட்டை (தங்கம் பிரித்தபின் கொட்டிய தாதுத்தூள் கழிவு மேடு) ஒட்டி எங்களுக்குக் கால் ஏக்கர் நிலம். மழையில் மேட்டு மண் இறங்கிப் படிந்து ஒன்றும் முளைப்பதில்லை. மண் அமிலமாம். பத்து மூட்டைச் சுண்ணாம்பு போட்டுத் தைலமரம் வைத்துத் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் பிஎச் தாளை (அமில, கார அளவு காட்டும் தாள்) நனைத்துப் பார்த்துத்தானே மூட்டைக் கணக்குச் சொன்னார்? அது இன்றைக்கு இருக்கும் அமிலத்தை மட்டும்தான் காட்டும். மண்ணில் பைரைட் மாதிரி கந்தகத் தாது மிச்சமிருந்தால், காற்றும் ஈரமும் படப்பட வருடக்கணக்கில் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும். ஒரு வருடம் செடி பச்சையாக நிற்கும். பணம் வாங்கியவர் போனபின் கருகும். இப்படி ஏமாந்தவர்களைப் பார்த்துப் பார்த்து வயிறெரிகிறது.

ஆய்வகத்தில் சல்பைடு கந்தகம், அதாவது இனிமேல் அமிலமாக மாறக்கூடிய கந்தகம், எவ்வளவு என்று கேளுங்கள். 1 சதவீதம் இருந்தால் ஒரு டன் மண்ணுக்குச் சுமார் 31 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். கால் ஏக்கரில் அரையடி ஆழத்துக்கே 7 டன் வந்துவிடும். பத்து மூட்டை எந்த மூலைக்கு?

ஒரு விலக்கு உண்டு. பழைய மேடுகளில் சில இடத்தில் மேல்மண்ணின் சல்பைடு முழுக்கத் தீர்ந்து, கந்தகம் ஜிப்சமாகக் கிடக்கும். ஜிப்சம் இனி அமிலம் ஆகாது. அதனால் மொத்தக் கந்தகத்தை மட்டும் சொல்லும் அறிக்கையை வைத்துக் கணக்குப் போட்டால் வீண்செலவு. அப்படிப்பட்ட இடத்தில் பிஎச் கணக்கே போதும், பத்து மூட்டையும் சரியாக இருக்கலாம். ஆனால் அது சோதனைக்குப் பிறகு தெரியவேண்டிய விஷயம். மேலே ஒரு மாதிரி, ஓரடிக்குக் கீழே ஒரு மாதிரி, தனித்தனிப் பையில் எடுங்கள்.

வெள்ளையடிக்கும் நீற்றுச் சுண்ணாம்பு வேண்டாம். பிஎச் எகிறி மண் காரமானால், தங்கத் தாதுவோடு வரும் ஆர்சனிக் கரைந்து தண்ணீரில் இறங்கும். சுண்ணாம்புக்கல் தூளையே போட்டு, நன்றாகக் கலந்து உழுங்கள். கோடையில் மஞ்சளும் வெள்ளையுமாக உப்புப் பொருக்கு தட்டினால், அதன்மேல் அரையடி ஜல்லி பரப்பி அப்புறம் புதுமண் போடுங்கள். இல்லாவிட்டால் உப்பு ஏறிவிடும். முதலில் புல், மரம் பிறகு.

சுரங்கத்தை மூடியது 2001-இல். 13 மேடுகளில் 3 கோடி டன்னுக்கு மேல் கழிவு கிடக்கிறது. மிச்சத் தங்கத்துக்காக அவற்றை ஏலம்விட 2024-இல் மாநில அமைச்சரவை சம்மதித்தது. தங்கம் ஞாபகம் வந்தவர்களுக்கு, மேட்டடியில் வசிக்கும் ஜனங்கள் ஞாபகம் வரவேண்டாமா? மண் இறங்கும் இடத்தைத் தேதியோடு படமெடுத்து, தடுப்புக்கரையும் வடிகாலும் கேட்டு மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள், ஒப்புகையும் வாங்குங்கள். கரை வரும்வரை ஒரு லோடு மண்கூட வாங்காதீர்கள். அடுத்த மழையே அதை மூடிவிடும்.