பத்து வயசுப் பையனோட பழைய ரயில் பாதை ஓரமா சைக்கிள்: தேவனஹள்ளி பக்கம் ஒரு ரூட்

சார், மேடு இல்லாம, லாரித் தொல்லை இல்லாம, பையனோட பழைய ரயில் லைன் ஓரமா ஓட்டணும்னு கேட்டிருந்தீங்க. பெங்களூருக்குப் பக்கத்துல எனக்குப் பிடிச்சது தேவனஹள்ளி டு நந்தி கிராமம்தான், ஒரு பக்கம் ஏறக்குறைய 20 கிமீ, பையன் சோர்ந்துட்டா பாதியிலயே திரும்பிடலாம்.

ஆனா ஒண்ணு, பக்கத்துல போற ரயில் பாதை கைவிட்ட லைன் இல்ல, பழைய நேரோ கேஜை (குறுகிய பாதை) பிராட் கேஜா (அகலப் பாதை) மாத்திட்டாங்க, இப்பவும் ரயில் ஓடுது, அதனால தண்டவாளத்து மேலயோ ஜல்லி மேலயோ சைக்கிளை ஏத்தவே கூடாது, ஊர் ரோட்டுலயே போங்க, ஹைவேயைத் தொடாதீங்க. காலைல ஆறு மணிக்குக் கிளம்பிடுங்க, வெயில் ஏறிட்டா நிழலே கிடையாது.

நந்தி ஸ்டேஷன் சின்னதுதான், கல்லு சுவர், ஓட்டுக் கூரை, முன்னாடி நின்னு பார்த்தா நந்தி மலை அப்படியே எதிர்ல நிக்கும், என் பொண்ணு அங்கிருந்து நகரவே மாட்டேன்னுட்டா. அங்கிருந்து கொஞ்ச தூரத்துல போகநந்தீஸ்வரர் கோயில், உள்ள இருக்கிற படிக்கட்டுக் குளத்தை அவசியம் காட்டுங்க.

மலை கடல் மட்டத்துல இருந்து 1,478 மீட்டர், பையனை வச்சுக்கிட்டு அதுல ஏற வேண்டாம் சார்.

ஸ்பேர் ட்யூப் ரெண்டு எடுத்துக்கோங்க. போன தடவை முள்ளு குத்தி ஒரே காலைல ரெண்டு பஞ்சர் எங்களுக்கு. சீசன்ல போனா தேவனஹள்ளி பம்பளிமாஸ் கிடைச்சா விடாதீங்க, புவிசார் குறியீடு வாங்கின பழம் அது.