பனிச்சரிவு: குல்மார்க் போகும் நம் ஆட்களுக்குச் சில பதில்கள்

பிப்ரவரியில் நம் மதுரை மலையேற்றக் குழுவிலிருந்து சிலர் ஸ்கீ டூரிங்குக்காக, அதாவது காலில் சறுக்குக் கட்டை (ஸ்கீ) மாட்டிப் பனிமலை ஏறிச் சறுக்கி இறங்க, காஷ்மீரின் குல்மார்க் கிளம்புகிறார்கள். பட்டாளத்தில் பனிமலையில் வேலை பார்த்தவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்தன. போகிறவர்கள் கேட்டதும் வீட்டில் இருப்பவர்கள் கேட்டதும் இதில் கலந்திருக்கும்.

திருநகர் தம்பி: அண்ணே, மலையில சத்தம் போட்டா பனி சரிஞ்சு வரும்னு சொல்றாங்களே, நிஜமா?

இல்லை தம்பி. மனிதக் குரலுக்கு அந்த பலம் கிடையாது. சரிய வைப்பது நம் உடம்பின் எடை. பனிச்சறுக்குக்காரர்கள் சிக்கி உயிர்விடும் பனிச்சரிவுகளில் பத்துக்கு ஒன்பது, சிக்கியவரோ கூட வந்தவரோ கிளப்பிவிட்டதுதான். கேட்டால் பயமாக இருக்கும். எனக்கு இது நல்ல செய்தி. எந்தச் சரிவில் கால் வைப்பது, எதை விட்டுவிடுவது என்பது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

கோச்சடையிலிருந்து: பனி பெய்து நின்று ரெண்டு நாள் ஆச்சு, வானம் வெறிச்சுன்னு வெயில் அடிக்குது. அப்போ போகலாம்தானே?

ஆட்கள் ஏமாறுவது இப்படிப்பட்ட நாளில்தான். ஒரு பலகையில் ரவையைத் தூவி, மேலே கனமான அட்டையை வைத்து, பலகையை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஓர் அளவு வரை அட்டை நிற்கும். அப்புறம் ஒரே நொடியில் மொத்தமாக வழுக்கும். மலையிலும் நடப்பது அதுதான். சீசன் தொடக்கத்தில் மெல்லிசாக விழுந்த பனி, கடுங்குளிரில் கிடந்து ஒட்டாத குருணையாக மாறிவிடும். அதன்மேல் பிறகு விழும் பனி இறுகிப் பாளமாகிறது. அடியில் இருக்கும் அந்தக் குருணை வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். மேலே வெயில் அடிப்பது அதற்குத் தெரியாது.

காற்றையும் பாருங்கள். பனி பெய்யாத நாளிலும் காற்று மேட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கம் கொட்டும். பனிப்பொழிவை விடக் காற்றுதான் சரிவை வேகமாகக் கனக்க வைக்கும் என்று சொன்னால் நம்மூரில் யாரும் நம்பமாட்டார்கள், பனியில் அது உண்மை.

பாளமாகப் பெயர்ந்து வரும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புகின்றன. சறுக்குவதற்கு ஆசையாக இருப்பதும் அதே சாய்வுதான். போனிலேயே சாய்வை அளக்கலாம், அளந்து பழகுங்கள். நிற்கும் இடம் சமதளமாக இருந்தாலும் தலைக்கு மேல் இருக்கும் சரிவு கணக்கில் வரும்.

பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி சரிந்த தடம், காலடியில் 'வூம்ப்' என்று அமுங்கும் சத்தம், ஸ்கீயின் முன்னால் ஓடும் விரிசல் — இதில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்குச் செங்குத்தான சரிவு வேண்டாம்.

உசிலம்பட்டியிலிருந்து ஓர் அம்மா: தம்பி, சியாச்சின்ல ஒரு பையனை ஆறு நாள் கழிச்சு உயிரோட எடுத்தாங்களே. அப்போ மாட்டிக்கிட்டாலும் காப்பாத்திரலாம்ல?

அம்மா, 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சோனம் முகாமில் பத்து வீரர்கள் புதைந்தார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆட்கள். நம் மதுரை, தேனி மாவட்டத்துப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ஹனுமந்தப்பா ஒருவர்தான் உயிரோடு கிடைத்தார். காற்றுக்குக் கொஞ்சம் இடம் இருந்ததால் அத்தனை நாள் தாங்கினார். அவரும் 11ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் இறந்துவிட்டார். அதை நம்பி ஒரு திட்டம் போட முடியாது.

புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே பெரிது. சரிந்து நின்ற பனி இறுகிவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது. விட்ட மூச்சையே திரும்ப இழுத்து மூச்சு முட்டித்தான் பெரும்பாலானவர்கள் சாகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ஹெலிகாப்டர் வராது, போலீஸ் வராது. பக்கத்தில் நிற்கும் கூட்டாளிதான் தோண்ட வேண்டும்.

அதனால் ஒவ்வொருவரிடமும் டிரான்ஸ்சீவர் (புதைந்தவர் இருக்கும் இடத்தை சிக்னலில் காட்டும் கருவி), மடக்குக் கம்பி (பனிக்குள் குத்தித் தேட), மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் உதவாது. டிரான்ஸ்சீவரையும் செல்போனையும் ஒரே பையில் வைக்காதீர்கள், சிக்னல் கெடும்.

மேலூர்: ஏர்பேக் பை வாங்கணுமா?

முதுகுப் பைக்குள் இருந்து பலூன் விரியும் அந்தப் பையைக் காசு இருந்தால் வாங்கலாம். பனியின் மேற்பரப்புக்குப் பக்கத்தில் நம்மை வைத்திருக்க உதவும். பாறையிலோ மரத்திலோ மோதினால் அது ஒன்றும் செய்யாது. முதலில் மேலே சொன்ன மூன்றும்.

அண்ணா நகர்: நாங்க பத்துப் பேர். எல்லாரும் ஒண்ணாப் போனா பாதுகாப்புதானே?

நேர்மாறு. சந்தேகமான சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். மற்றவர்கள் பனி சரிந்தால் வரும் பாதையில் இல்லாத இடத்தில் நின்று, அவர் மேலேயே கண்ணை வைத்திருக்க வேண்டும். பத்துப் பேரும் ஒரே கோட்டில் ஏறினால் எடையும் கூடும், சரிந்தால் தோண்டவும் ஆள் மிஞ்சாது. இரண்டு குழுவாகப் பிரியுங்கள், ஆனால் ஒரு குழு மற்றதன் தலைக்கு மேல் போகக் கூடாது.

பெரிய கூட்டத்தில் 'எனக்குச் சரியாகப் படவில்லை' என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. இத்தனை பேர் போகிறார்களே என்று நினைத்துக்கொள்வோம். பெரியவர் முன்னால் சின்னவர் பேசுவது நம் பழக்கத்திலும் இல்லை. கிளம்பும் முன்பே ஒரு விதி வைத்துவிடுங்கள்: யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோரும் திரும்புவது, காரணம் கேட்பதில்லை. அண்ணன், தம்பி, புது ஆள் எல்லோருக்கும் அந்த உரிமை உண்டு.

திருநகர் தம்பி மறுபடியும்: உள்ளூர் கைடு இருக்காரே, அவர் பார்த்துக்க மாட்டாரா?

நல்ல கைடு அவசியம் வேண்டும். ஆனாலும் ஏன் இந்தப் பக்கம், மேலே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். நல்லவர் சந்தோஷமாகச் சொல்வார். 2023 பிப்ரவரியில் குல்மார்க்கின் அபர்வத் மலையில் பனி சரிந்து போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். அதே மலைக்குத்தான் கோண்டோலா என்ற கேபிள் கார் ஏறுகிறது. கேபிள் காரில் போகலாம் என்பதால் மலை பூங்காவாகிவிடாது. பாதுகாப்புக் குழு கண்காணிக்கும் எல்லையைத் தாண்டினால் அது காட்டு மலைதான்.

எல்லீஸ் நகர்: பனியே இல்லாத ஊர்ல எப்படிண்ணே பழகுறது?

பனியைப் படிக்கக் கற்றுக்கொள்ள உத்தரகாசி, மணாலி, குல்மார்க்கில் அரசுப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன, அங்கே போய்த்தான் ஆக வேண்டும். சண்டிகரில் உள்ள டிஜிஆர்இ என்ற பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது, கிளம்பும் வாரத்திலிருந்து தினமும் பாருங்கள்.

ஆனால் தேடுவதையும் தோண்டுவதையும் இங்கேயே பழகலாம். டிரான்ஸ்சீவர் மண்ணுக்குள்ளும் சிக்னல் தரும். காய்ந்த கண்மாயில் ஒரு சாக்குக்குள் போட்டு ஒருவர் புதைக்கட்டும், மற்றவர்கள் கடிகாரம் வைத்துத் தேடுங்கள். வருகிற ஞாயிறு காலை 6 மணிக்கு நான் வருகிறேன். ஆளுக்கொரு மண்வாரி, புது பேட்டரி, குடிக்கத் தண்ணீர் கொண்டுவாருங்கள்.