அண்ணன் தமிழ்நாட்டுக்கு வந்தால் சீக்கிரம் கிட்னி கிடைக்குமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 48 வயது. ஜாம்ஷெட்பூரில் குடும்பத்தோடு இருக்கிறார். இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, ஒரு வருடமாக வாரம் இருமுறை டயாலிசிஸ். தமிழ்நாட்டில் பதிந்தால் சிறுநீரகம் சீக்கிரம் கிடைக்கும் என்கிறார்கள் உறவினர்கள். எனக்கு ஏ குரூப், அவருக்கு பி என்பதால் நான் தர முடியவில்லை. அவரை இங்கே அழைத்து வரலாமா? – வாசகி, தென்காசி

பதில்: உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 2023-இல் நாடு முழுவதும் மூளைச்சாவு அடைந்து உறுப்பு தந்தவர்கள் ஏறக்குறைய 1,100 பேர். அதில் தெலங்கானாவில் மட்டும் 252, தமிழ்நாட்டில் 178. கிழக்கு, வடகிழக்கு மாநிலங்கள் பலவற்றில் விரல் விட்டு எண்ணிவிடலாம். நம்மூர்க்காரர்களுக்கு மட்டும் பெரிய மனசு என்று இதற்கு அர்த்தமில்லை. மூளைச்சாவை உறுதி செய்து அறிவிக்கும் முறையை 2008-இலேயே இங்கே அரசாணை போட்டு ஒழுங்குபடுத்தினார்கள். குடும்பத்தாரிடம் பக்குவமாகப் பேச ஒருங்கிணைப்பாளர்களும் வந்தார்கள்.

பதிவதற்கு இருப்பிடச் சான்று கேட்கக் கூடாது என்று மத்திய அரசு 2023-இல் சொல்லிவிட்டது. ஆகவே அவர் இங்கே பதியலாம். ஆனால் அழைப்பு நடுராத்திரியில் வரும். எடுத்த சிறுநீரகத்தைக் கூடியவரை ஒரு நாளுக்குள் பொருத்திவிட வேண்டும். ஜாம்ஷெட்பூரின் ரயில் நிலையமான டாட்டாநகரிலிருந்து சென்னைக்கு ரயிலில் வரவே அதற்கு மேல் ஆகிவிடும். பதிந்தால் இங்கே வந்து தங்கத்தான் வேண்டும். பதிந்தவுடன் கிடைத்துவிடாது, இங்கும் வரிசை நீளம்தான். அவர் வேலை, பிள்ளைகள் படிப்பு எல்லாவற்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் இங்கே குடும்ப அட்டை உள்ளவர்களுக்குத்தான். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டு அட்டை இருந்தால் அது மாநிலம் தாண்டியும் செல்லும்.

சரி, வரிசையை மட்டும் நம்பியிருக்க வேண்டுமா? 2023-இல் நம் நாட்டில் 13,000-க்கும் மேற்பட்ட சிறுநீரக மாற்று சிகிச்சைகள் நடந்தன. பெரும்பாலானவை உயிரோடிருக்கும் உறவினர் தந்தவை. ரத்த வகை பொருந்தாததால் உங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் 2011 சட்டத் திருத்தம் பரிமாற்றத்தை அனுமதிக்கிறது. கணவருக்கு ஏ, மனைவிக்கு பி என்று எங்கோ ஒரு தம்பதி இதே கவலையில் இருப்பார்கள். நீங்கள் அந்தக் கணவருக்கு, அந்த மனைவி உங்கள் அண்ணனுக்கு. ஏ–பி ஜோடிகளுக்கு இது ஓரளவு எளிதாக அமையும். இந்த ஏற்பாடு உள்ள மருத்துவமனையில் இருவரும் சேர்ந்து பதிய வேண்டும்.

இதைச் சொல்லும்போதே ஒன்று உறுத்துகிறது. நம் நாட்டில் கிட்னி கொடுப்பவர்களில் பெண்கள்தான் அதிகம், வாங்கிக்கொள்பவர்களில் ஆண்கள் அதிகம். உங்கள் வீட்டில் வேறு அண்ணன் தம்பிகள் இருந்தால் அவர்கள் குரூப்பையும் பார்த்தார்களா? உங்களுக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், அல்லது மனசில் தயக்கம் இருந்தால், தனியாக டாக்டரிடம் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அதுவரை அவர் நல்ல நிலையில் இருக்க வேண்டும். வாரம் இரண்டு முறை என்பது பெரும்பாலும் பணத்துக்கும் இயந்திரத் தட்டுப்பாட்டுக்கும் ஏற்ற கணக்கு. மூன்று முறை, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் என்பதே பொதுவாக டாக்டர்கள் நாங்கள் பரிந்துரைப்பது. 2016-இல் அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டத்தில் மாவட்ட மருத்துவமனைகளில் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இலவசம். அங்கே விசாரிக்கச் சொல்லுங்கள். அப்புறம், ரத்தம் குறைந்தால் சட்டென்று ரத்தம் ஏற்றிவிடாமல், ஊசி மருந்தால் சமாளிக்க முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். ஏற்றிய ரத்தத்தால் உடலில் எதிர்ப்புப் பொருள்கள் உருவாகி, பிற்பாடு பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பதே கடினமாகலாம்.

வருவதென்று முடிவானால், முதலில் இங்கே ஒரு டயாலிசிஸ் மையத்தில் இடம் உறுதியாகட்டும். கடைசியாகச் செய்த டயாலிசிஸ் சீட்டுகள், ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகள் கையில் இருக்கட்டும். அவை இல்லாமல் எந்த மையத்திலும் இயந்திரத்தில் ஏற்றத் தயங்குவார்கள். டிக்கெட் அதற்கப்புறம் எடுக்கலாம்.