செம்மறியில் ஈரல் புழு: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: டாக்டர், அறுப்பு முடிஞ்ச வயல்ல கிடை போட்டு மேய்க்கிறோம். பத்து நாளா நாலஞ்சு ஆடு மந்தையில பின்தங்குது. புல்லைக் கடிக்குது, வயிறு நிறைய மேயல. காய்ச்சலும் இல்ல.

பதில்: ஈர வயல் என்றாலே எனக்கு முதல் சந்தேகம் ஈரலில் தங்கும் தட்டைப்புழுதான். வாய்க்கால் நத்தையிலிருந்து வெளியேறும் இளம்புழு, கண்ணுக்குத் தெரியாத கூட்டுக்குள் புல்லில் ஒட்டிக்கிடக்கும். ஆடு அதைத் தின்றதும் குடலைத் துளைத்து ஈரலுக்குப் போய், வாரக்கணக்கில் ஈரல் சதையைக் குடைந்துகொண்டே வளரும். கடைசியில் பித்தக்குழாயில் தங்கி ரத்தம் குடிக்கும். ஈரல் கெடக் கெட ஆட்டுக்குப் பசி மந்தமாகும். ரத்தத்தில் உள்ள புரதம் பித்தக்குழாய் வழியே கசிந்து வீணாகிறது. தீனி குறைவதால் அதை ஈடுகட்டவும் வழியில்லை. மேய்ச்சல் குறைந்ததை நீங்கள் கவனித்ததே பெரிய விஷயம். உடனே கண் இமையைப் புரட்டிப் பாருங்கள். வெளுத்திருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

கேள்வி: சாயங்காலம் தாடைக்குக் கீழ பை மாதிரி தொங்குது, காலையில வத்திடுது. ஏன்?

பதில்: புரதம் குறைந்த ரத்தத்திலிருந்து நீர் வெளியே கசியும். நாள் முழுக்கத் தலைகுனிந்து மேய்வதால் அது தாடையில் இறங்குகிறது, இரவில் தலை நிமிர்ந்து படுக்கும்போது வடிகிறது. வயிற்றில் ரத்தம் குடிக்கும் உருளைப்புழுவாலும் இதே வீக்கம் வரும். அதனால் புழுக்கையைப் பரிசோதிக்கக் கொடுங்கள். தட்டைப்புழு முட்டை கனமானது, அடியில் தங்கிவிடும். வண்டல் முறையில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: முட்டையே இல்லைன்னு சொல்லிட்டாங்க சார்.

பதில்: நம் ஊரில் அதிகம் இருக்கும் பாசியோலா ஜைஜாண்டிகா என்ற தட்டைப்புழு, ஆட்டுக்குள் போனபின் முட்டையிட ஏறக்குறைய 3 மாதம் ஆகும். ஈரலைக் குடையும் பருவத்தில் முட்டை கிடைக்காது. செத்த ஆடு இருந்தால் ஈரலை அறுத்துப் பார்ப்பதே நிச்சயம்.

கேள்வி: ஐவர்மெக்டின் ஊசி போட்டேன், தேறல.

பதில்: அது தட்டைப்புழுவைத் தொடாது. ஆக்சிகுளோசனைடு என்ற மருந்து வளர்ந்த புழுவை மட்டும் கொல்லும். டிரைகிளாபெண்டசோல் இளம்புழுவையும் கொல்லும்; உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம். எடை போட்டு, உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். மருந்து கொடுத்த கையோடு மேட்டு நிலத்துக்கு ஓட்டிப்போங்கள். பெரும்பாலான செம்மறிக்கு இந்தப் புழுவை எதிர்க்கும் சக்தி போதிய அளவு வளர்வதில்லை, பழைய வயலில் மேய்ந்தால் திரும்ப ஏறும்.

கேள்வி: புழு இருந்த ஈரலைச் சமைச்சுச் சாப்பிட்டோம். பயமா இருக்கு.

பதில்: பயப்பட வேண்டாம், சமைத்த ஈரலால் வராது. கூடு ஒட்டிய நீர்க்கீரையைப் பச்சையாகத் தின்றாலோ, கூடு கலந்த தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்தாலோதான் மனிதருக்கு வரும்.